அச்சாரம், கையொப்பம், முன்பதிவு: பிளேஸ்டேஷன் 5 விற்பனையை முன்வைத்து ஒரு சொற்பொருள் விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

கைக்கு வராத பொருளுக்கு முன்கூட்டியே விலை செலுத்தும் வழக்கத்தை இன்று 'முன்பதிவு' என்னும் ஒரே சொல்லால் குறிக்கிறோம். இத்தகைய கொடுக்கல் வாங்கல்களுக்கு அச்சாரம், முன்பணம், கையொப்பம் எனத் தனித்தனிச் சொற்கள் தமிழில் வழங்கி வந்துள்ளன. யார் யாருக்குக் கட்டுப்பட்டவர், பொருள் வராவிட்டால் இழப்பு யாருடையது என்னும் வினாக்களுக்கு இச்சொற்கள் ஒவ்வொன்றும் வேறுவேறு விடை தருகின்றன. 2021-ஆம் ஆண்டு ஜனவரியில் இந்தியாவில் நடைபெற்ற பிளேஸ்டேஷன் 5 முன்பதிவைச் சான்றாகக் கொண்டு இவ்வேறுபாடுகளை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

திறவுச்சொற்கள்: முன்பதிவு, அச்சாரம், முன்பணம், கையொப்பம், நுகர்வோர் சட்டம், காவிரிப் படுகை, கலைச்சொல்லாக்கம்

முன்னுரை

கோடியக்கரை நாகப்பட்டினம் மாவட்டம் வேதாரண்யம் வட்டத்தில் உள்ள ஊர். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' வழியாக இவ்வூரை அறிந்தவரே மிகுதி. 'கோடி' என்பது இங்கு எண்ணைக் குறிப்பதன்று; முனை, கடைசி என்னும் பொருளில் வருவது. காவிரிப் படுகையின் தென்கிழக்கில் நிலம் முடிந்து கடல் தொடங்கும் இடம் இது. இதற்கு வடக்கே உள்ள தலைஞாயிறு, வேதாரண்யம் பகுதிகளை வேளாண் மக்கள் 'கடைமடை' என்பர். மேட்டூரில் நீர் திறக்கும் நாளும் கடைமடைக்கு நீர் வந்து சேரும் நாளும் ஒன்றல்ல என்பது அவர்கள் ஆண்டுதோறும் காணும் உண்மை.

புதிய கருவிகளின் விற்பனையையும் இக்கண்கொண்டு நோக்கலாம். கன்சோல் எனப்படும் காணொளி விளையாட்டுக் கருவி ஒன்று வெளிவரும்போது உற்பத்தி ஓரிடத்திலும் தேவை உலகெங்கும் இருக்கும். யாருக்கு முதலில் தருவது என்பதை ஒரு முறைவைப்பு தீர்மானிக்கிறது. அம்முறைவைப்பின் பெயரே முன்பதிவு. இவ்வாணிகமுறை பற்றிப் பொருளியலாரும் மேலாண்மைத் துறையினரும் எழுதியுள்ளனர். அதன் சொற்பொருளைத் தமிழ் நோக்கில் ஆராய்ந்தவர் அரியர். கடைசியாகப் பெறுபவரின் இடத்தில் நின்று பார்ப்பதற்காகவே இக்கட்டுரை கோடியக்கரையிலிருந்து தொடங்குகிறது.

2021 ஜனவரி 12

சோனி நிறுவனம் பிளேஸ்டேஷன் 5-இன் விலையையும் வெளியீட்டு நாளையும் 2020 செப்டம்பர் 16 அன்று அறிவித்தது. முன்பதிவு மறுநாள் தொடங்கும் என்றிருந்த நிலையில், அமெரிக்காவின் சில விற்பனையகங்கள் அன்றிரவே பதிவைத் திறந்துவிட்டன. காலையில் எழுந்து பதியலாம் என்று காத்திருந்தவர்களுக்கு எதுவும் எஞ்சவில்லை. முன்பதிவு இன்னும் சீராக நடந்திருக்கலாம் என்று சில நாள்களில் நிறுவனமே ஒப்புக்கொண்டது.

அமெரிக்கா, ஜப்பான் உள்ளிட்ட சில நாடுகளில் நவம்பர் 12 அன்றும், பிற நாடுகள் பலவற்றில் நவம்பர் 19 அன்றும் கருவி வெளிவந்தது. இந்தியா இவ்விரு பட்டியல்களிலும் இடம்பெறவில்லை. இது தவிர்க்க முடியாத தாமதம் என்று கொள்வதற்கில்லை. போட்டி நிறுவனமான மைக்ரோசாப்டின் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், நவம்பர் 10 அன்று உலகின் பிற பகுதிகளோடு இந்தியாவிலும் வெளிவந்தது. பிளேஸ்டேஷன் 5 இந்தியாவில் 2021 பிப்ரவரி 2 அன்று வெளியாகும், முன்பதிவு ஜனவரி 12 நண்பகலில் தொடங்கும் என்ற அறிவிப்பு புத்தாண்டு நாளில் வந்தது. குறுந்தட்டு இயக்கியுடன் கூடிய கருவியின் விலை 49,990 ரூபாய். பதிவு திறந்த சில நிமிடங்களிலேயே இணையக் கடைகளில் இருப்பு தீர்ந்தது. 2020 டிசம்பர் இறுதிவரை உலகெங்கும் அனுப்பப்பட்ட கருவிகள் 45 லட்சம். பெருந்தொற்றுக் காலத்தில் ஏற்பட்ட குறைக்கடத்திச் சில்லுகளின் தட்டுப்பாடு அதன்பின்னும் நெடுநாள் நீடித்தது.

இந்நாளைக் காவிரிப் படுகையின் நாள்காட்டியில் வைத்துப் பார்ப்பது தகும். பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு அது. சம்பா அறுவடைக்கு நின்ற வயல்களில் அம்மாதம் பருவம் தவறிப் பெய்த கனமழையால் கதிர்கள் சாய்ந்து முளைத்துக்கொண்டிருந்தன. அவ்வாண்டு அரசுக் கொள்முதல் நிலையங்களில் சன்னரக நெல்லுக்கு மாநில ஊக்கத்தொகையும் சேர்த்து வழங்கப்பட்ட விலை குவிண்டாலுக்கு 1,958 ரூபாய். ஒரு கருவியின் விலை 25 குவிண்டால் நெல்லின் விலைக்கும் சற்று மிகுதி; அதாவது நல்ல விளைச்சல் கண்ட ஓர் ஏக்கரின் நெல் ஏறத்தாழ முழுவதும். இவ்வொப்பீடு கருவி வாங்குவது தகாது என்று காட்டுவதற்கன்று. வேளாண் குடும்பத்து இளைஞர் ஒருவர் அன்று நண்பகலில் கைப்பேசியைத் தொட்டுச் செலுத்திய தொகையின் எடை இவ்வளவு என்று உணர்த்துவதற்கே. அத்தொகை பொருள் வெளியாகும் நாளுக்கு 21 நாள் முன்பே கைமாறியது. கைமாறிய அப்பணத்துக்குத் தமிழில் என்ன பெயர்?

கையொப்பம்

கும்பகோணத்தில் இதற்கு ஒரு பெயர் இருந்தது. உ.வே. சாமிநாதையர் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் 1880 முதல் 1903 வரை தமிழாசிரியராக இருந்தார். சீவகசிந்தாமணியை 1887-இல் அவர் பதிப்பித்தது அக்காலத்தில்தான். அச்சுக்கூலிக்கும் தாளுக்கும் வேண்டிய பணத்தைத் தனியொருவர் தாங்க இயலாத நிலையில், நூல் வெளிவந்தால் வாங்கிக்கொள்வதாக அன்பர்களிடம் 'கையொப்பம்' பெறும் முறையை அக்காலப் பதிப்பாசிரியர்கள் கையாண்டனர். ஐயரும் அதனை மேற்கொண்டதை அவருடைய தன்வரலாறு காட்டுகிறது. சிலர் முன்னதாகவே பணம் கொடுப்பர். சிலர் பெயரை மட்டும் எழுதுவர். கையொப்பமிட்டவர்களின் பெயர்களை நூலின் இறுதியில் அச்சிடும் வழக்கமும் 19-ஆம் நூற்றாண்டுத் தமிழ்ப் பதிப்புகளில் காணப்படுகிறது. கும்பகோணம் ம.வீ. இராமானுஜாசாரியார் மகாபாரதத்தைத் தமிழ் உரைநடையில் பகுதி பகுதியாக வெளியிட்டபோதும் முன்கூட்டி ஆதரித்தவர்களின் துணை இன்றியமையாததாயிற்று. அப்பணி பல்லாண்டுகள் நீண்டது.

இம்முறையில் கவனிக்கத்தக்கது ஒன்று. கையொப்பமிட்டவர் நூலை உண்டாக்குவதில் பங்கு பெறுகிறார். அவர் பணம் இல்லையேல் நூல் இல்லை. பொருள் உருவாவதற்கு முன் ஏற்படும் உறவு இது. 1920-இல் கடையத்திலிருந்து பாரதியார் தம் எழுத்துகளை 40 நூல்களாக அச்சிட எண்ணி நண்பர்களுக்கு விடுத்த சுற்றறிக்கையை இதனோடு சேர்த்து எண்ணுவோர் உண்டு. அவர் கோரியது வட்டியுடன் திருப்பித் தரும் கடன், கையொப்பம் அன்று. இவ்விரண்டையும் ஒன்றாக்குவது பொருந்தாது.

பிளேஸ்டேஷன் 5-ஐப் பதிந்தவர் அக்கருவி உருவாவதற்கு எதுவும் செய்யவில்லை. அவர் பதிந்த நாளில் அது முன்பே உருவாகி, பிற நாடுகளில் இரண்டு மாதங்களாக விற்பனையில் இருந்தது. எனவே கையொப்பம் என்னும் சொல் இங்குப் பொருந்தாது. இன்று தமிழ்ப் பதிப்பகங்கள் அறிவிக்கும் 'முன்வெளியீட்டுத் திட்டம்' இக்கையொப்பத்தின் நேர்வழித் தொடர்ச்சி எனலாம். அதில் வாங்குபவருக்கு விலைக்கழிவு கிட்டுகிறது. கன்சோல் முன்பதிவில் அதுவும் இல்லை.

அச்சாரம்

வீடு, மனை, மாடு, திருமண மண்டபம், மேளம் என எதைப் பேசி முடித்தாலும் அச்சாரம் கொடுப்பது தஞ்சை வட்டாரத்தில் இன்றும் வழக்கு. தொகை சிறிதாக இருக்கும். சில இடங்களில் வெற்றிலை பாக்கோடு வைத்து 101 ரூபாய் தருவதும் உண்டு. தொகையின் அளவு பொருட்டன்று. அச்சாரம் கைமாறிய பின் விற்பவர் வேறொருவருக்கு அப்பொருளைப் பேசலாகாது என்பதே அதன் உட்பொருள். 'அச்சாரம் வாங்கியாயிற்று' என்று ஒருவர் சொன்னால், மேலும் விலை தருவதாக வருபவரும் திரும்பிவிடுவார்.

'அச்சகாரம்', 'சஞ்சகாரம்' என்னும் வடிவங்களோடு ஒப்பிட்டு, இச்சொல்லை வடமொழியின் 'சத்தியங்கார'த்தோடு தொடர்புபடுத்துவர். உண்மையாக்குதல், வாக்கை மெய்யாக்குதல் என்பது அதன் பொருள். அமரகோசம் வணிகர் தொழில் பற்றிய பகுதியில் இச்சொல்லையும் இதன் ஒருபொருட் சொற்களையும் தருகிறது. யாக்ஞவல்கிய ஸ்மிருதியின் வழக்குப் பகுதியில், சத்தியங்காரமாகத் தரப்பட்ட பொருளை இருமடங்காகத் திருப்பித் தரச் செய்ய வேண்டும் என்னும் விதி உள்ளது. கி.பி. 533-இல் வெளியிடப்பட்ட ஜஸ்டினியனின் சட்டநூலும் இதையொத்த ஏற்பாட்டைக் கூறுகிறது: வாங்குபவர் பின்வாங்கினால் கொடுத்த அச்சாரத்தை இழப்பார், விற்பவர் பின்வாங்கினால் இருமடங்கு தருவார். தொடர்பற்ற இரு நிலங்களின் சட்டமரபுகள் ஒரே கணக்கில் வந்து நிற்பது வியப்பன்று. பேச்சை மெய்யாக்க இருவரையும் சம அளவில் பிணைக்க வேண்டும் என்பது வாணிகம் நடக்கும் எவ்விடத்திலும் தோன்றக்கூடிய அறிவே.

இக்கால இந்தியச் சட்டம் அச்சாரத்தின் ஒரு பாதியையே பெரிதும் எடுத்துக்கொண்டது. ஸ்ரீ அனுமான் காட்டன் மில்ஸ் எதிர் டாடா ஏர்கிராப்ட் வழக்கில் 1969-இல் உச்ச நீதிமன்றம் அச்சாரத்தின் இயல்புகளை வரையறுத்தது. ஒப்பந்தம் முடிவாகும் தருணத்தில் தரப்படுவது. நிறைவேற்றத்துக்கு ஈடாக நிற்பது. ஒப்பந்தம் நிறைவேறினால் விலையில் ஒரு பகுதியாவது. வாங்குபவரின் தவறால் முறிந்தால் பறிபோவது என்பன அவை. விற்பவரின் தவறுக்கு இருமடங்கு என்னும் பழைய விதி இவ்வரையறையில் இல்லை. அந்நிலையில் வாங்குபவர் தமக்கு நேர்ந்த இழப்பை மெய்ப்பித்து ஈடு கோர வேண்டும். ஆயினும் ஊர்வழக்கில் இருபக்கக் கட்டு இன்னும் மறையவில்லை. அச்சாரம் வாங்கிய பின் மண்டபத்தை வேறொருவருக்குக் கொடுத்த உரிமையாளருக்கு அவ்வட்டாரத்தில் என்ன பெயர் கிட்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கன்சோல் முன்பதிவு அச்சாரமா? விலையின் சிறுபகுதியைச் செலுத்திப் பதியும் நிலையில் தோற்றத்தில் ஒற்றுமை உண்டு. முழுவிலையும் செலுத்தும் நிலையில் அதுவும் இல்லை. கட்டுப்பாட்டைப் பார்த்தால் வேற்றுமை இன்னும் தெளிவாகும். இணையக் கடைகளின் நிபந்தனைகள் பொதுவாக ஒரு வகையில் அமைந்துள்ளன. பணம் பெற்றதாலேயே விற்பனை முடிந்ததாகாது. பொருளை அனுப்பும்போதுதான் கடை உங்கள் கோரிக்கையை ஏற்றதாகும். அதுவரை காரணம் காட்டி விலக்கிக்கொள்ளக் கடைக்கு உரிமை உண்டு. வாங்குபவரும் விலக்கிக்கொள்ளலாம் என்பது உண்மையே. ஆனால் 21 நாள் பணம் முடங்கியவர் அவர், காத்திருந்தவரும் அவர், அதே நாளில் வேறு கடையில் பதியும் வாய்ப்பை விட்டவரும் அவரே. விற்பவர் திருப்பித் தருவது பெற்ற தொகையை மட்டும். ஒரு மடங்கே, இருமடங்கன்று.

முன்பணம்

அச்சாரத்துக்கும் முன்பணத்துக்கும் உள்ள வேறுபாடு கடற்கரையில் நன்கு தெரியும். வடகிழக்குப் பருவகாலத்தில் கோடியக்கரையில் பிற ஊர் மீனவர்களும் வந்து தங்கி மீன்பிடிப்பர். தமிழகக் கடற்கரையில் பரவலாக உள்ள வழக்கப்படி, வலைக்கும் படகுக்கும் வியாபாரி முன்பணம் தருவார். பெற்றவர் தம் மீனை அவரிடமே கொடுக்க வேண்டும், பெரும்பாலும் அவர் சொல்லும் விலைக்கு. இங்குப் பணம் கொடுத்தவரின் கை ஓங்கியிருக்கிறது. 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 'முன்பணம்' என்னும் சொல்லுக்கே வரையறை தந்து தொடங்குவது, இச்சொல் சுமந்துவந்த அதிகாரத்துக்குச் சான்று.

சுவாமிமலைப் படிமக் கலைஞர்களிடம் தரப்படும் முன்பணம் வேறு தன்மையது. மெழுகும் உலோகமும் வாங்க அது பயன்படுகிறது; வார்க்கப்படும் திருமேனி கேட்டவரின் அளவுக்கும் தியானச் செய்யுளுக்கும் ஏற்ப அமைவது. அப்பொருள் தொடக்கத்திலிருந்தே ஒருவருக்குரியது.

கன்சோலோ ஒன்றையொன்று ஒத்த பல லட்சங்களுள் ஒன்று. எந்தப் பெட்டி யாருக்கு என்பது கிடங்கில் முகவரிச்சீட்டு ஒட்டும்வரை முடிவாவதில்லை. இவ்வணிகத்தில் பணம் கொடுத்தவரின் கை ஓங்குவதுமில்லை. முன்பணம் கொடுத்த மீன் வியாபாரிக்கு உள்ள பிடி, 49,990 ரூபாய் செலுத்திய வாடிக்கையாளருக்கு இல்லை.

முன்பதிவு

எஞ்சுவது முன்பதிவு. இச்சொல்லைத் தமிழர் நாவில் நிலைநிறுத்தியது ரயில். இன்ன நாள், இன்ன வண்டி, இன்ன பெட்டி, இன்ன இருக்கை என்று குறிக்கப்பட்ட ஒன்றைத் தமக்கென ஒதுக்கிக்கொள்வதே முன்பதிவு. திரையரங்கு, பேருந்து, தங்கும் விடுதி எனப் பின்னர் பரவிய இடங்களிலும் இவ்வொதுக்கீட்டுப் பொருளே நின்றது. ஆகவே 'முன்பதிவு செய்துவிட்டேன்' என்னும் தொடரில், 'எனக்கு இடம் உறுதி' என்னும் துணைப்பொருள் கேட்பவர் மனத்தில் தானே எழுகிறது.

ரயில்வே அவ்வுறுதி இல்லாத நிலையை மறைப்பதில்லை என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது. உறுதியான இடம், ரத்து நேர்ந்தால் கிட்டும் இடம், காத்திருப்போர் பட்டியல் என மூன்று நிலைகளைப் பிரித்து, பட்டியலில் உங்கள் எண்ணையும் அச்சிட்டுத் தருகிறது. எண் 4 என்றால் நம்பிக்கை. 140 என்றால் பேருந்தை நாடலாம். கடைசிப் பட்டியலிலும் இடம் கிட்டாவிட்டால் இணையவழிச் சீட்டுக்குப் பணம் தானே திரும்புகிறது. கன்சோலைப் பதிந்தவருக்கு இத்தகைய எண் எதுவும் தரப்படுவதில்லை. தம் கடைக்கு எத்தனை பெட்டிகள் ஒதுக்கப்பட்டன, தாம் எத்தனையாவது ஆள் என்பவற்றை அவர் அறியார். (2023 ஏப்ரலில் மீண்டும் தொடங்கிய திருத்துறைப்பூண்டி – அகத்தியம்பள்ளித் தடம்தான் கோடியக்கரைக்கு அண்மைய ரயில். அதில் ஓடும் சிறுவண்டியில் முன்பதிவு என்னும் பேச்சே இல்லை.)

இவற்றோடு அஞ்சல் குறியீட்டெண்ணும் சேர்கிறது. 1972 ஆகஸ்ட் 15 அன்று கடிதங்களைப் பிரிப்பதற்கென அறிமுகமான அவ்வெண்ணை இன்று இணையக் கடைகள் 'இவ்விடத்துக்கு அனுப்ப இயலுமா' என்று பார்க்கும் சல்லடையாகப் பயன்படுத்துகின்றன. நிமிடங்களில் தீரும் விற்பனையில், முகவரியை ஏற்காத கடையில் இழந்த ஒரு நிமிடம் வாய்ப்பையே இழந்ததாகும். முனையில் இருப்பவருக்கு இணைய வேகமும் முகவரியும் ஒருசேரத் தடையாகக்கூடும்.

சட்டத்தின் சொற்கள்

1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் விற்பனையையும் விற்பதற்கான உடன்பாட்டையும் பிரிக்கிறது. இன்ன பொருள் என்று குறிக்கப்படாத சரக்கில், அது குறிக்கப்படும்வரை உடைமை வாங்குபவருக்கு மாறுவதில்லை என்பது அதன் 18-ஆம் பிரிவு. எனவே முழுவிலை செலுத்தியவரும் பெட்டி ஒதுக்கப்படும்வரை உடைமையாளர் அல்லர். வரித்துறையும் இப்பார்வையோடு ஒத்துப்போகிறது: சரக்குக்காகப் பெறும் முன்தொகை மீது, பெறும் நேரத்திலேயே சரக்கு சேவை வரி செலுத்தத் தேவையில்லை என 2017 நவம்பரில் அறிவிக்கப்பட்டது.

அப்படியாயின் இதனை முன்பதிவு என்னாமல் 'முன்விண்ணப்பம்' என்று சொல்வதே நேர்மையாகும் எனத் தோன்றும். இதில் ஓர் இடர் உண்டு. மார்கன் ஸ்டான்லி பரஸ்பர நிதி எதிர் கார்த்திக் தாஸ் வழக்கில் 1994-இல் உச்ச நீதிமன்றம், பங்கு ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பித்தவர் ஒதுக்கீட்டுக்கு முன் நுகர்வோர் ஆகார் என்று கூறியது. விண்ணப்பம் என்று பெயரிட்டால், கன்சோலுக்குப் பணம் கட்டியவரும் அந்நிலைக்குத் தள்ளப்படுவாரோ என்னும் ஐயம் எழுவது இயல்பு. அவ்வையத்துக்கு இடமில்லை என்பது இவ்வாய்வாளரின் கருத்து. ஒதுக்கப்படும் முன் பங்கு என்பது சரக்கே அன்று என்பதன் மீது அத்தீர்ப்பு நிற்கிறது. கன்சோல் ஏற்கெனவே உள்ள சரக்கு. மேலும் விலை செலுத்தியவரை மட்டுமன்றிச் செலுத்துவதாக வாக்களித்தவரையும் நுகர்வோராக ஏற்கிறது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். பெயர் எதுவாயினும் உரிமை செலுத்திய விலையிலிருந்தே பிறக்கிறது.

இச்சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபோது கடைமடையில் இருப்பவருக்கு ஒரு நன்மை கிட்டியது. நுகர்வோர் தாம் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே முறையிடலாம் என்பது அது. பெங்களூரிலோ மும்பையிலோ தலைமையகம் கொண்ட கடையின் மீது கோடியக்கரைவாசி நாகப்பட்டினம் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். அதே மாதம் வந்த மின்வணிக விதிகள் இன்னொன்றும் கூறின. தாம் ஒருதலையாக விலக்கிக்கொள்ளும்போது இழப்பை ஏற்காத நிறுவனம், வாங்குபவர் விலக்கிக்கொள்ளும்போது கட்டணம் விதிக்கலாகாது. அச்சாரத்தின் இருபக்கச் சமன்பாடு மங்கிய வடிவில் இங்குத் தலைகாட்டுகிறது. இருமடங்கு தருக என்று சொல்லவில்லை. ஒருபக்கமாகத் தண்டிக்காதே என்று மட்டும் சொல்கிறது.

குலுக்கல்

பொருள் குறைவாகவும் கேட்பவர் மிகுதியாகவும் உள்ள நிலையில் முந்தியவருக்கே என்னும் விதி ஒன்றே வழியன்று. இந்தியர்க்கு இத்தட்டுப்பாடு புதிதுமன்று. பஜாஜ் ஸ்கூட்டருக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த தலைமுறை இன்றும் உள்ளது. 1983-இல் மாருதி காருக்கு 10,000 ரூபாய் கட்டிப் பதிந்தோர் லட்சத்துக்கும் மேல். 2009 ஏப்ரலில் டாடா நானோவுக்குப் பணம் செலுத்திப் பதிந்தோர் 2 லட்சத்தைத் தாண்டியபோது, முதல் ஒரு லட்சம் பேர் கணினிவழிக் குலுக்கலில் தேர்ந்தெடுக்கப்பட்டனர். பதிவை விலக்கிக்கொள்ளாமல் நெடுங்காலம் காத்திருக்க இசைந்தவர்களின் தொகைக்கு வட்டி தரவும் அந்நிறுவனம் முன்வந்தது.

கன்சோல் உலகிலும் இம்முறை 2025-இல் பெரிய அளவில் கையாளப்பட்டது. நின்டெண்டோ நிறுவனம் ஸ்விட்ச் 2 கருவியை ஜப்பானில் தன் சொந்த இணையக் கடையில் குலுக்கல் வழியே விற்றது. பழைய ஸ்விட்சில் குறைந்தது 50 மணி நேரம் விளையாடியிருக்க வேண்டும், இணையச் சந்தா ஓராண்டேனும் செலுத்தியிருக்க வேண்டும் என்பவை தகுதிகள். மறுவிற்பனைக்காகவே குவிப்போரை விலக்குவது அதன் நோக்கம். அப்படியும் முதற் குலுக்கலுக்கு 22 லட்சம் பேர் விண்ணப்பித்தனர். குலுக்கல் சீட்டு நடத்தும் தஞ்சை வட்டாரத்துப் பெண்களுக்கு இதன் அறம் எளிதில் விளங்கும். விரைவான இணைய இணைப்பும் தானியங்கி நிரலும் வைத்திருப்பவருக்கும், வேலைக்கு நடுவே கைப்பேசியை எடுத்தவருக்கும் ஒரே வாய்ப்பு. நேர்மையான முறை எது என்று கேட்டால், முந்தியவருக்கே என்பதைவிட இதனையே இவ்வாய்வாளர் தேர்வார்.

மறுவிற்பனை பற்றி ஒரு குறிப்பு போதும். பொதியப்பட்ட பொருளை உச்ச சில்லறை விலைக்கு மேல் விற்கலாகாது என 2011-ஆம் ஆண்டின் பொதிபொருள் விதிகள் வணிகரைத் தடுக்கின்றன. வாங்கிய பெட்டியைப் பிரிக்காமல் மறுவாரமே விளம்பரத்தில் இடும் தனியாளை அவ்விதியின் கீழ்க் கொண்டுவருவது நடைமுறையில் எளிதன்று.

சொல் தேர்வு

பிளிப்கார்ட் தமிழ் இடைமுகத்தை 2020 ஜூனிலும், அமேசான் செப்டம்பரிலும் தொடங்கின. பிளேஸ்டேஷன் 5 முன்பதிவு அதற்குச் சில மாதங்கள் பின்னர் நிகழ்ந்தது. அதாவது வாணிகச் சொற்கள் திரையில் தமிழாகத் தோன்றத் தொடங்கிய காலமும், முழுவிலை செலுத்திக் காத்திருக்கும் விற்பனை முறை பரவிய காலமும் ஒன்றே. பொதியின் மீதான விவரங்களை இந்தியிலோ ஆங்கிலத்திலோ தருவது கட்டாயம். தமிழில் தருவது விற்பவரின் விருப்பம். ஆகவே திரையில் வரும் ஒரு தமிழ்ச் சொல்லே பலருக்கு ஒப்பந்தத்தை அறிவிக்கும் ஒரே இடமாகிறது. அச்சொல் பொத்தானின் அகலத்துக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக 'முன்பதிவு' தேர்ந்தெடுக்கப்படுகிறது. நிபந்தனைகள் வேறு பக்கத்தில், பெரும்பாலும் வேறு மொழியில் உள்ளன.

கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபடுவோர் மூல மொழியின் சொல்லுக்கு நிகர் தேடுவதோடு நின்றுவிடுகின்றனர். இங்குத் தேட வேண்டியது உறவின் பெயர். பெட்டி அல்லது இருக்கை குறித்து ஒதுக்கப்பட்டால் 'முன்பதிவு' என்க. பொருளை உண்டாக்குவதற்கே பணம் திரட்டினால் 'முன்வெளியீட்டுத் திட்டம்' உண்டு. கையொப்பம் என்னும் பழஞ்சொல்லை மீட்பதாயினும் தவறில்லை. இருவரையும் பிணைத்து, பின்வாங்குபவர் இழப்பேற்கும் ஏற்பாட்டை மட்டுமே 'அச்சாரம்' என்க. கடைகள் தம் விளம்பரத்தில் அச்சொல்லை எடுத்தாளத் துணிந்தால் அதன் கடமையையும் ஏற்கட்டும். ஒதுக்கீடு உறுதியில்லாத நிலையில் முழுவிலை பெறுவதற்கு 'முன்விண்ணப்பம்' என்பதும், அதனோடு ரயில்வே தருவதுபோல் வரிசை எண்ணும் வேண்டும். கடையால் அவ்வெண்ணைத் தர இயலாது என்றால், எத்தனை பெட்டிகள் ஒதுக்கப்பட்டுள்ளன என்பதையேனும் பணம் பெறும் பக்கத்திலேயே தமிழில் எழுத வேண்டும்.